கூப்பிட்டால் கேட்க வேண்டும்: எந்த இயர்பட்ஸ் வாங்கலாம்?

கேள்வி: எனக்கு 43 வயது. திருச்சியில் அம்மாவும் நானும் மட்டும் இருக்கிறோம். ஒரு தனியார் நிறுவனத்துக்கு வீட்டிலிருந்தே கணக்கு வேலை பார்க்கிறேன். மீட்டிங், போன் என்று தினமும் நாலைந்து மணி நேரம் காதில் இயர்பட்ஸ் இருக்கும். அம்மாவுக்கு 78 வயது, வாக்கர் பிடித்துத்தான் நடப்பார். போன மாதம் நான் மீட்டிங்கில் இருந்தபோது குளியலறையிலிருந்து கூப்பிட்டிருக்கிறார். எனக்குக் கேட்கவே இல்லை. நல்லவேளை, விழவில்லை. ஆனால் எழ முடியாமல் அரை மணி நேரம் ஸ்டூலிலேயே உட்கார்ந்திருந்தார். அன்றிலிருந்து ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொள்கிறேன். காலையில் உய்யக்கொண்டான் வாய்க்கால் கரையோரம் நடக்கும்போது பாட்டு கேட்பேன், அப்போதும் பின்னால் வரும் வண்டி தெரிவதில்லை. சுற்றியுள்ள சத்தமும் கேட்கிற மாதிரி இயர்பட்ஸ் தேடினால் ஒருவர் 'டிரான்ஸ்பரன்சி மோடு' என்கிறார். இன்னொருவர் காதில் கிளிப் மாதிரி மாட்டுவதை வாங்கு என்கிறார். எலும்பு வழியாகக் கேட்பதுதான் காதுக்கு நல்லது என்கிறார் மூன்றாமவர். 8,000 ரூபாய் வரை செலவு செய்யலாம். எதை வாங்குவது? வலது காது வேறு கொஞ்ச நாளாக அரிக்கிறது. அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன், காரணங்கள் பின்னால் வரட்டும். காதுத் துளைக்குள் எதுவும் நுழையாத 'ஓப்பன் இயர்' வகையை வாங்குங்கள். ஆனால் அதற்கு முன்பு, அந்த 8,000 ரூபாயில் ஒரு சிறு பங்கை எடுத்து அம்மாவுக்கு ஒரு வயர்லெஸ் காலிங் பெல் வாங்கி மாட்டுங்கள். அம்மா குளியலறையிலிருந்து கூப்பிடுவது உங்கள் காதில் விழுவதற்கு எந்த இயர்பட்ஸையும் நம்பாதீர்கள்.

ஆடியாலஜிஸ்ட், அதாவது செவித்திறன் நிபுணர் என்ற முறையில் இதை ஒரு கணக்காகவே காட்டலாம். எதிரில் ஒரு மீட்டர் தூரத்தில் இருந்து ஒருவர் சாதாரணமாகப் பேசினால் நம் காதுக்கு வருவது சுமார் 60 டெசிபல். 78 வயதுக்காரர், அதுவும் சோர்ந்துபோய் உட்கார்ந்திருப்பவரின் குரல் அதைவிடச் சன்னமாக இருக்கும். இடையில் இருக்கும் மூடிய கதவு ஏறக்குறைய 20 டெசிபலை விழுங்கிவிடும். தூரம் இன்னும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். உங்கள் மேசைக்கு வந்து சேரும்போது அந்தக் குரல் 30 டெசிபலை ஒட்டித்தான் இருக்கும். உங்கள் தலைக்கு மேல் சுற்றும் மின்விசிறியின் சத்தமே அதைவிட அதிகம். அதாவது அன்று நீங்கள் இயர்பட்ஸ் மாட்டாமல் இருந்திருந்தாலும் கேட்டிருக்கும் என்று சொல்ல முடியாது. உங்கள் கடிதத்தில் தெரிகிற குற்ற உணர்ச்சிக்காகத்தான் இதை முதலில் எழுதுகிறேன். அது உங்கள் கவனக்குறைவால் நடந்ததல்ல.

பெல் வாங்கும்போது பட்டன் தண்ணீர் பட்டாலும் தாங்குவதாக இருக்கட்டும். இரண்டு பட்டனும் ஒரு ரிசீவரும் சேர்ந்து வருவதைக் கேட்டு வாங்குங்கள். ஒன்று அம்மாவின் கட்டிலருகே, மற்றது குளியலறையில். குளியலறைப் பட்டனை நிற்கிற ஆளின் கை உயரத்தில் ஒட்டிவிட வேண்டாம். விழுந்தவருக்கும் உட்கார்ந்திருப்பவருக்கும் எட்டுகிற மாதிரி முழங்கால் உயரத்தில் ஒட்டுங்கள். ரிசீவர் உங்கள் லேப்டாப் பக்கத்தில், சத்தத்தோடு விளக்கும் மின்னுகிற வகையாக இருந்தால், மீட்டிங்கில் பேசிக்கொண்டிருக்கும்போதும் கண்ணில் படும். பெல் வந்த பிறகு அம்மாவை தினமும் ஒருமுறை அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். பழக்கம் இல்லாவிட்டால் அவசரத்தில் கை அங்கே போகாது.

சரி, இனி இயர்பட்ஸ் விஷயத்துக்கு வருவோம்.

டிரான்ஸ்பரன்சி மோடு என்பது அடைத்த காதுக்குள் வெளிச்சத்தத்தை மறுபடி கொண்டுவரும் ஏற்பாடு. சிலிக்கோன் ரப்பர் முதலில் துளையை அடைக்கிறது. அந்த அடைப்பு மட்டுமே வெளிச்சத்தத்தில் 20 டெசிபல் வரை குறைத்துவிடும். பிறகு இயர்பட்ஸின் வெளிப்பக்கத்தில் இருக்கும் மைக் வெளிச்சத்தத்தைப் பிடித்து, உள்ளே இருக்கும் ஸ்பீக்கர் வழியாக உங்களுக்கு ஒலிபரப்புகிறது. ஆப்பிள் 2019-ல் ஏர்பாட்ஸ் ப்ரோவில் கொண்டுவந்த பிறகுதான் இந்தப் பெயர் பரவலானது. சோனியும் சாம்சங்கும் இதையே ஆம்பியன்ட் சவுண்ட் என்கின்றன. விலை உயர்ந்த மாடல்களில் இது வியக்கத்தக்க அளவுக்கு நன்றாக வேலை செய்கிறது. காதில் ஒன்றும் இல்லாததுபோலவே இருக்கும், எதிரில் இருப்பவரோடு கழற்றாமல் பேசலாம்.

ஆனாலும் உங்களுக்கு இதை நான் சொல்லாததற்குக் காரணங்கள் இருக்கின்றன. முதல் காரணம் பேட்டரி. சார்ஜ் தீர்ந்த நொடியில் மைக் நின்றுவிடும், ரப்பர் மட்டும் காதை அடைத்துக்கொண்டு இருக்கும். வேலை மும்முரத்தில் அதைக் கழற்றாமல் அப்படியே விட்டுவிடுவது எல்லோருக்கும் நடக்கிறது. தவறுதலாக விரல் பட்டு மோடு மாறிவிட்டாலும் இதே கதைதான்: சத்தத்தைக் குறைக்கிற ஏ.என்.சி.க்குப் போய்விட்டது என்பதைக் கவனிக்காமல் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்கலாம். யாரையாவது பார்த்துக்கொள்ளும் பொறுப்பில் இருப்பவர்கள் ஒரு கருவியை வாங்கும் முன், அது நின்றுபோனால் என்ன ஆகும் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். ஓப்பன் இயர் நின்றுபோனால் பாட்டு நிற்கும், காது திறந்தே இருக்கும்.

அடுத்தது, உங்கள் பட்ஜெட்டில் வரும் மாடல்களில் இந்த மோடின் தரம். மலிவான மைக் தனக்கே உரிய ஒரு 'உஸ்ஸ்' சத்தத்தைச் சேர்த்துக்கொள்ளும். மின்விசிறிக் காற்று மைக்கில் மோதி படபடவென்று கேட்கும். ஏசி, மிக்ஸி, தெருச் சத்தம் எல்லாம் பெரிதாகும், அம்மாவின் குரல் மட்டும் அதே சன்னத்தில் இருக்கும். எரிச்சல் தாங்காமல் சில நாட்களில் மோடை அணைத்துவிடுவீர்கள். அப்புறம் வாங்கியதற்கே அர்த்தம் இல்லாமல் போகும்.

மூன்றாவது, திசை. இதைப் பலர் யோசிப்பதில்லை. சத்தம் இடமிருந்தா வலமிருந்தா வருகிறது என்பதை மூளை இரண்டு காதுக்கும் அது வந்துசேரும் நேர வித்தியாசத்தை வைத்துக் கண்டுபிடிக்கிறது. அந்த வித்தியாசம் மிஞ்சிப்போனால் ஒரு வினாடியில் 1,500-ல் ஒரு பங்குதான். ஆனால் முன்னாலிருந்தா பின்னாலிருந்தா என்பதற்கு அது உதவாது, இரண்டுக்கும் நேரம் ஒன்றாகத்தானே இருக்கும். அங்கே வேலை செய்வது நம் காது மடல். மடலின் மடிப்புகளில் பட்டுத் திரும்பும்போது மேல்ஸ்தாயி ஒலிகள் திசைக்குத் திசை கொஞ்சம் மாறுகின்றன, மூளை சிறு வயதிலிருந்தே அதைப் படித்து வைத்திருக்கிறது. இயர்பட்ஸின் மைக் இருப்பதோ மடலின் குழிக்கு வெளியே துருத்திக்கொண்டு. மடலின் அந்தக் கையெழுத்து அதில் சரியாகப் பதிவாகாது. அதனால் டிரான்ஸ்பரன்சி மோடில் ஹாரன் கேட்கும், ஆனால் பின்னால் வருகிற வண்டி முன்னால் வருவதுபோல ஒரு குழப்பம் வரும். வீட்டுக்குள் இது பெரிய விஷயமில்லை. சாலையில் பெரிய விஷயம்.

கடையில் பெட்டிகளைப் பார்க்கும்போது ஏமாந்துவிடக் கூடாத இரண்டு விஷயங்களையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 1,500, 2,000 ரூபாய் இயர்பட்ஸ் பெட்டிகளில் இ.என்.சி. என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். அது நீங்கள் பேசும்போது உங்களைச் சுற்றியுள்ள சத்தம் மறுமுனையில் இருப்பவருக்குப் போகாமல் தடுப்பது. உங்களுக்கு எது கேட்கிறது என்பதோடு அதற்குச் சம்பந்தமே இல்லை. விற்பனையாளர்களே பல நேரம் இதையும் ஏ.என்.சி.யையும் ஆம்பியன்ட் மோடையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள். இரண்டாவது, பேசினால் தானாகவே பாட்டு நிற்கும் அல்லது சத்தம் குறையும் என்கிற வசதி. சோனி, சாம்சங், ஆப்பிள் மூன்றுமே இதை வெவ்வேறு பெயரில் தருகின்றன. அது கவனிப்பது மாட்டியிருப்பவரின் குரலை. நீங்கள் வாயைத் திறந்தால்தான் அது விழித்துக்கொள்ளும். அம்மா கூப்பிட்டால் விழித்துக்கொள்ளாது.

இனி நான் சொல்கிற ஓப்பன் இயர் வகை. இதில் ஸ்பீக்கர் காதுத் துளைக்கு வெளியே, அதன் வாசலை நோக்கியபடி நிற்கும். சிலது காதுக்குப் பின்னால் கொக்கி மாட்டி நிற்கும், சிலது காது மடலின் ஓரத்தைக் கிளிப் போலப் பிடித்துக்கொள்ளும். ஷாக்ஸ் ஓப்பன்ஃபிட்டும் நத்திங் இயர் ஓப்பனும் கொக்கி வகை. ஹுவாவே ஃப்ரீகிளிப், போஸ் அல்ட்ரா ஓப்பன் ஆகியவை கிளிப் வகை. இவற்றில் பல உங்கள் பட்ஜெட்டுக்கு மேலே போகும், ஆனால் இந்திய பிராண்டுகளும் இப்போது இதே அமைப்பில் குறைந்த விலைக்குக் கொண்டுவந்துவிட்டன. பெட்டியில் ஓ.டபிள்யூ.எஸ். என்று போட்டிருந்தால் பெரும்பாலும் இந்த வகைதான்.

இதன் பெரிய குறை பேஸ். தாழ்ந்த ஒலிகள் காதுக்குள் முழு பலத்தோடு கேட்க வேண்டும் என்றால் ஸ்பீக்கருக்கும் செவிப்பறைக்கும் நடுவில் அடைத்த இடம் வேண்டும். திறந்திருந்தால் அந்த அழுத்தம் வெளியே போய்விடும். மிருதங்கத்தின் இடந்தலையும் தவிலின் அடியும் மெலிந்துதான் கேட்கும். பாட்டை அனுபவித்துக் கேட்பவர்களுக்கு நான் இந்த வகையைச் சிபாரிசு செய்வதில்லை. ஆனால் உங்கள் தேவையைப் பாருங்கள். நாளில் பெரும்பகுதி நீங்கள் கேட்பது பேச்சு. மனிதப் பேச்சு புரிவதற்குத் தேவையான ஒலிகள் பெரும்பாலும் 500 ஹெர்ட்ஸிலிருந்து 4,000 ஹெர்ட்ஸுக்குள் இருக்கின்றன. பழைய தரைவழித் தொலைபேசி 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரைதான் அனுப்பியது. அதை வைத்துக்கொண்டுதான் இத்தனை தலைமுறைகள் கல்யாணம் பேசி முடித்தார்கள். ஓப்பன் இயர் இழக்கிற பகுதி உங்கள் மீட்டிங்குக்குத் தேவைப்படாத பகுதி.

இன்னொரு நன்மையும் உண்டு. காதை அடைத்துக்கொண்டு பேசினால் நம் குரல் நமக்கே குடத்துக்குள் பேசுவதுபோல ஒலிக்கும். எலும்பு வழியாகக் காதுக் குழாய்க்குள் வரும் நம் குரலின் தாழ்ந்த ஒலிகள் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்குவதால் அப்படி. நாலைந்து மணி நேரம் மீட்டிங் பேசுபவர்களுக்கு இது ஒரு களைப்பு. காது கேட்கும் கருவி பொருத்தும்போது நாங்கள் அதிகம் கேட்கிற புகார்களில் இதுவும் ஒன்று. ஓப்பன் இயரில் இந்தத் தொல்லை கிடையாது.

கொக்கியா கிளிப்பா என்பதை உங்கள் காதுதான் முடிவு செய்ய வேண்டும். கண்ணாடி போடுபவரானால் கொக்கியும் கண்ணாடிக் காம்பும் ஒரே இடத்துக்குப் போட்டி போடும், அரை நாளில் வலிக்கும். மாட்டல் போடும் பழக்கம் இருந்தாலும் கொக்கி ஒத்துவராது. மேல் காது குத்தியிருந்தால் கிளிப் அந்த இடத்தில் அழுத்துகிறதா என்று பார்க்க வேண்டும். கிளிப் முதல் பத்து நிமிடம் சுகமாகவே இருக்கும். முடிந்தால் கடையிலேயே அரை மணி நேரம் மாட்டி நடந்து பாருங்கள். துளைக்குள் போகிற வகையைச் சுகாதாரம் கருதி மாட்டிப் பார்க்க விடமாட்டார்கள், ஆனால் இந்த வகையைத் துடைத்துக் கொடுப்பதில் கடைக்காரருக்குச் சங்கடம் இருக்காது. ஆன்லைனில் வாங்கினால், பெட்டியைத் திறந்த பிறகு திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்று முதலிலேயே படித்துவிடுங்கள்.

எலும்பு வழி, அதாவது 'போன்' (bone) கண்டக்‌ஷன் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இதில் கருவி காதுக்கு முன்னால் கன்னத்து எலும்பில் உட்கார்ந்து அதிர்கிறது. அந்த அதிர்வு வெளிக்காதையும் நடுக்காதையும் விட்டுவிட்டு நேராக உள்காதின் நத்தை எலும்புக்குப் போகிறது. இது எங்களுக்குப் பழகிய சங்கதிதான். காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போனால் ஒரு இசைக்கவையைத் தட்டிக் காதுக்குப் பின்னால் எலும்பில் வைத்து 'கேட்கிறதா' என்பாரே, அதே வழி. காதில் சீழ் வடிபவர்கள், நடுக்காதுக் கோளாறால் கேட்கும் திறன் குறைந்தவர்கள் ஆகியோருக்கு இது உண்மையிலேயே வரம். ஓட்டப்பயிற்சி செய்பவர்களும் விரும்புகிறார்கள், கழன்று விழாது.

ஆனால் 'காதுக்கு நல்லது' என்ற பேச்சை நான் ஏற்கவில்லை. அதிக சத்தம் கெடுப்பது செவிப்பறையை அல்ல. உள்காதில் இருக்கும் மயிர்ச்செல்களை. ஒவ்வொரு காதிலும் சுமார் 15,000 இருக்கும், செத்தால் திரும்ப முளைக்காது. எலும்பு வழியாக வந்தாலும் காற்று வழியாக வந்தாலும் சத்தம் கடைசியில் போய்ச் சேர்வது அந்தச் செல்களிடம்தான். வழி மாறியதால் அளவு குறைந்துவிடாது. அதோடு, தலை எலும்பு முழுவதும் சேர்ந்து அதிர்வதால் இடது வலது பிரிவும் தெளிவாக இருக்காது. நாள் முழுக்கப் பொட்டுப் பக்கம் அழுத்திக்கொண்டிருப்பது சிலருக்குத் தலைவலி தருகிறது. உங்களுக்கு ஓப்பன் இயரே போதும் என்கிற என் முடிவு இதனால்தான்.

இனி எந்தப் பெட்டியிலும் எழுதியிருக்காத விஷயம். என் பார்வையில், சுற்றியுள்ள சத்தம் கேட்பதும் கேட்காததும் மாடலைவிட உங்கள் வால்யூமைத்தான் அதிகம் சார்ந்தது. காது திறந்தே இருந்தாலும் அதனருகில் ஒரு சத்தம் பலமாக ஒலித்தால், மெல்லிய சத்தங்களை மூளையால் பிரித்தெடுக்க முடியாது. குறிப்பாகத் தாழ்ந்த ஒலிகள் தம்மைவிட உயர்ந்த ஒலிகளை மறைத்துவிடும். பேஸைக் கூட்டி வைத்தால் அதற்கு மேல் உள்ள பேச்சொலிகள் அமுங்கிப்போகும். ஆகவே ஆப்பில் 'பேஸ் பூஸ்ட்' இருந்தால் அணைத்து வையுங்கள். மெலிந்த பேஸை ஈடுகட்ட வால்யூமைக் கூட்டுவதுதான் ஓப்பன் இயர் வாங்கியவர்கள் வழக்கமாகச் செய்வது. அப்படிச் செய்தால் இந்தக் கருவி வாங்கியதன் நோக்கமே போய்விடும்.

உங்கள் வால்யூம் எல்லையை வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். வழக்கமாக வேலை பார்க்கும் இடத்தில், வழக்கம்போல மின்விசிறியைப் போட்டுக்கொண்டு உட்காருங்கள். ஏதாவது ஒரு பேச்சு நிகழ்ச்சியை ஓடவிடுங்கள். அம்மாவைக் கூடத்திலிருந்து அவருடைய இயல்பான குரலில் ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொல்லுங்கள். வால்யூமைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போங்கள். எந்த இடத்தில் எண்கள் பிடிபடாமல் போகிறதோ, அதற்கு இரண்டு படி கீழே இறங்குங்கள். அதுதான் வீட்டுக்குள் உங்கள் உச்சவரம்பு. போனிலேயே வால்யூம் வரம்பு வைக்கும் வசதி இருந்தால் அங்கேயே பூட்டி வைத்துவிடலாம். அம்மாவின் குரலை வைத்தே பாருங்கள், வேறு யாராவது வந்து எண்ணினால் கணக்கு தப்பிவிடும்.

ஒரு காதில் மட்டும் மாட்டுவது நல்ல எண்ணம்தான், நீண்ட நாளைக்கு நல்ல பழக்கம் அல்ல. இரண்டு காதிலும் விழுகிற சத்தம் மூளைக்குக் கூடுதலாகக் கேட்கும். ஒரு காதுக்கு மாறியதும் அந்த இழப்பை ஈடுகட்ட நம்மை அறியாமலே வால்யூமைக் கூட்டுவோம், அந்த ஒரு காதுதான் எல்லாச் சுமையையும் தாங்கும். திசை தெரிவதும் குறையும். கொஞ்ச நாளைக்கு அப்படித்தான் என்றால், வலது காது அரிப்பு தீர்ந்த பிறகு காதை மாற்றி மாற்றி மாட்டுங்கள், போன் அமைப்பில் 'மோனோ ஆடியோ'வைப் போட்டு வையுங்கள். அப்போது ஒரு பக்கத்து ஒலி விடுபடாது. ரகசியம் இல்லாத மீட்டிங் என்றால் இயர்பட்ஸே வேண்டாம், லேப்டாப் ஸ்பீக்கரில் கேளுங்கள். வீட்டில் நீங்கள் இருவர்தானே.

காலை நடைக்கு வருவோம். விடியற்காலையில் அந்த வாய்க்கால் கரையில் சத்தம் குறைவு, ஓப்பன் இயருக்கு ஏற்ற சூழல். நம் நாட்டின் ஒலி விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல் என்று வரம்பு வைத்திருக்கின்றன. கிட்டத்தட்ட அந்த அளவில் இருக்கும் இடத்தில் மெல்லிய வால்யூமே தாராளம். ஆனால் இப்போது தெருவில் ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் தயாராகிற மின்சார ஸ்கூட்டர்கள் பெருகிவிட்டன. மெதுவாக வரும்போது அவற்றுக்கு எஞ்சின் சத்தம் கிடையாது, டயர் உரசும் சத்தம் மட்டும்தான். அது பாட்டுக்கு அடியில் காணாமல் போய்விடும். எனவே கரையோர நடைபாதையில் கேளுங்கள். சாலையைக் கடக்கும் முன் நிறுத்திவிடுங்கள், கடந்த பிறகு போடுங்கள். வண்டி ஓட்டும்போது எந்த வகையும் வேண்டாம். வேகத்தில் காற்று இரைச்சலுக்கு மேல் கேட்க வேண்டும் என்று வால்யூம் எங்கோ போய்விடும். ஹெல்மெட்டுக்குள் கொக்கியும் கிளிப்பும் நசுங்கிக் காதைப் புண்ணாக்கும்.

பஸ் பயணத்துக்கு நான் சொல்வது இதற்கு நேர்மாறாக இருக்கும். சென்னைக்கோ மதுரைக்கோ பஸ்ஸில் போகும்போது ஓப்பன் இயரைப் பையிலேயே வையுங்கள். எஞ்சின் பக்கம் உட்கார்ந்தால் உள்ளே 80 டெசிபல் என்பது ஆச்சரியமில்லை. திறந்த காதில் அதை மீறிப் பாட்டு கேட்க வேண்டும் என்றால் 90-க்கு ஏற்றுவீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 80 டெசிபலை வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம், 90 என்றால் வாரத்துக்கே 4 மணி நேரம்தான். போகவர ஒரு பயணத்தில் அது தீர்ந்துபோகும். அந்த மாதிரி இடத்தில் உங்களிடம் இப்போது இருக்கும் ரப்பர் வைத்த இயர்பட்ஸே காதுக்கு நல்லது, வெளிச்சத்தத்தை அடைப்பதால் குறைந்த வால்யூமில் கேட்கலாம். பழையதைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம். வீட்டில் நாலைந்து மணி நேரம் கேட்பதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. பேச்சு புரிகிற அளவுக்கு மெல்ல வைத்துக் கேட்டால் அந்த வரம்புக்கு வெகு கீழேதான் இருப்பீர்கள்.

வாங்கும்போது பார்க்க வேண்டிய மற்றவை சுருக்கமாக. லேப்டாப்பிலும் போனிலும் ஒரே நேரத்தில் இணைந்திருக்கும் வசதி உங்களுக்கு அவசியம், மல்டிபாயின்ட் என்று கேளுங்கள். தண்ணீரைத் தாங்கும் அளவைச் சொல்கிற ஐ.பி.எக்ஸ். குறியீடு 4 என்று இருந்தால் வியர்வைக்குப் போதும். ஒரே சார்ஜில் 6 மணி நேரமாவது ஓட வேண்டும். தொடுதலுக்குப் பதில் அழுத்துகிற பட்டன் இருந்தால் நல்லது, ஈரக் கையோடும் நிறுத்தலாம். இந்த நான்கும் 4,000, 5,000 ரூபாய்க்குள்ளேயே கிடைக்கலாம். 8,000 முழுவதையும் செலவழித்தே ஆக வேண்டும் என்றில்லை.

கடைசியாக அந்த அரிப்பு. சம்பந்தம் இருக்க வாய்ப்பு அதிகம். நம் ஊர் வெக்கையில் மணிக்கணக்காக ரப்பரால் அடைத்து வைத்தால் காதுக் குழாய் ஈரமாகவே இருக்கும், அங்கே பூஞ்சை வளரும். வெப்பமும் ஈரமும் சேர்ந்த ஊர்களில் இது சாதாரணமாகக் காணும் தொல்லை. சர்க்கரை நோய் இருந்தால் இன்னும் சுலபமாக வரும். ரப்பர் காதழுக்கை உள்ளே தள்ளி அடைத்தாலும் அரிக்கும், மந்தமாகக் கேட்கும். எது என்று உள்ளே பார்த்தால்தான் தெரியும். காதுக் குச்சி, ஹேர்பின், காய்ச்சிய எண்ணெய் எதுவும் வேண்டாம். எண்ணெய் பூஞ்சைக்குச் சாதகமாகப் போய்விடும். உங்கள் ஊர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவு இருக்கிறது, இந்த வாரமே போய்க் காட்டுங்கள். அம்மாவையும் கூட்டிக்கொண்டு போக முடிந்தால் அவருக்கும் கேட்கும் திறனைச் சோதிக்கிற ஒரு ஆடியோகிராம் எடுக்கச் சொல்லுங்கள். நீங்கள் 'இதோ வரேன்' என்று பதில் சொல்வது அவர் காதில் விழுகிறதா என்பதும் தெரிய வேண்டும் அல்லவா?

டாக்டர் பார்த்துவிட்டுச் சொல்லும்வரை வலது காதில் எதையும் மாட்டாதீர்கள். மருந்து தந்தால், அது முடிகிற வரைக்கும் அப்படியே இருக்கட்டும், புது இயர்பட்ஸை அதற்குப் பிறகு வாங்கிக்கொள்ளலாம். காலிங் பெல்லை மட்டும் இன்றைக்கே வாங்கிவிடுங்கள்.